அக்காவுக்கு எடுத்து வைத்த பேட்டரி

போட்டோக்காரம்மாவிடம் ஒரு பேட்டரியை விற்பதற்குள் கடைக்காரனுக்குப் பாதி உயிர் போய்விடும். முதலில் அதைக் கண்ணாடி மேசையில் வைத்து விரலால் சுண்டிச் சுற்றுவாள். உள்ளே கெட்டு வயிறு உப்பியதாக இருந்தால் பம்பரம் போலச் சுற்றும், தட்டையானது அரைச்சுற்றில் நின்றுவிடும். பிறகு உள்ளங்கையில் வைத்துக் கனம் பார்ப்பாள். ஸ்டிக்கரில் சக்தியின் அளவாக மற்றவர்கள் போடாத பெரிய எண் போட்டிருந்தால், "வாய் நீளம், வேலை பூஜ்யம்" என்று அப்போதே தள்ளிவிடுவாள்.

இதிலெல்லாம் தேறியதும் வீட்டுக்கு வரும். சார்ஜ் ஏற்றிக் கேமராவில் போட்டு, சுவரைப் பார்த்து வீடியோ ஓடவிட்டுவிட்டு, சமையலுக்கு நடுவே எட்டி எட்டிப் பார்ப்பாள். திரையில் நாலு கோடு மூன்றாகி, இரண்டாகி, படிப்படியாக இறங்கினால் அது யோக்கியமான பேட்டரி. கடைசிவரை நாலு கோட்டையும் காட்டிவிட்டுப் பொசுக்கென்று அணைந்தால் கழுத்தறுப்பு. அவள் கேமராவுக்கு, செய்த கம்பெனியே பேட்டரி போடுவதை நிறுத்திவிட்டது. இனி வேறு யாராவது செய்ததைத்தான் வாங்கியாக வேண்டும். புதுக் கேமராவுக்கு இப்போது வழியில்லை.

இத்தனை சோதனையும் வெளியாளுக்குத்தான். தம்பி கேமரா சாமான் கடை வைத்த நாளிலிருந்து, அவன் கொடுப்பதை அவள் சுற்றிப் பார்த்ததில்லை. கூடப் பிறந்தவன் கொடுத்ததை அவன் கண்முன்னால் உரசிப் பார்ப்பதா? கடைக்குப் போனால் மேசைப் பலகையைத் தூக்கிவிட்டு நேராக உள்ளே போய் அவன் பக்கத்து நாற்காலியில் உட்காருவாள். அது அவள் நாற்காலி.

கல்லூரிப் பட்டமளிப்பு விழாவுக்குப் படம் எடுக்க அழைப்பு வந்ததும் அங்கேதான் ஓடினாள்.

"தம்பி, இதை ஒழுங்கா முடிச்சுட்டா வருஷம் முழுக்க அவங்க வேலை எனக்குத்தான்னு முதல்வரம்மா சொல்லியிருக்காங்க. கையில இருக்கிறது ரெண்டும் கிழடு தட்டிப் போச்சு. நல்லதா ரெண்டு குடுடா."

"உனக்கு இல்லாததாக்கா?" என்றான் தம்பி.

மேசைக்குள் வரிசையாக இருந்தவற்றை அவன் தொடவில்லை. குனிந்து, கீழே காலடியில் கிடந்த அட்டைப்பெட்டியிலிருந்து இரண்டை எடுத்தான். எனக்கென்று தனியாக எடுத்து வைத்திருக்கிறான் பார் என்று அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. வீட்டில் சார்ஜ் மட்டும் ஏற்றினாள், சுவரைப் பார்க்க வைக்கவில்லை. பழசு இரண்டையும் குப்பையில் போட்டுவிட்டுப் போனாள்.

விழாவில் பிள்ளைகள் வரிசையாக மேடையேறினார்கள். சான்றிதழை வாங்கி, ஒரு சிரிப்பு சிரித்து, இறங்கிப் போனார்கள். அந்தச் சிரிப்பைப் பிடிப்பதுதான் அவள் வேலை. திரையில் நாலு கோடு ஜம்மென்று நின்றது. பாதி வரிசை தாண்டவில்லை, கேமரா கண்ணை மூடிவிட்டது. பதறாமல் அடுத்ததைப் போட்டாள். அதிலும் நாலு கோடு. ஏழெட்டுப் பிள்ளைகள் போனார்கள், அதுவும் மண்டையைப் போட்டது. எடுத்தாள், துடைத்தாள், ஊதினாள், திரும்பப் போட்டாள். மேடையில் ஒரு பெண் சான்றிதழைப் பிடித்தபடி அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நின்றாள். அடுத்த பெயரைக் கூப்பிட்டதும் சிரிப்பை எங்கே வைப்பதென்று தெரியாமல் இறங்கிப் போனாள். அந்த முகம் போட்டோக்காரம்மாவை என்னவோ செய்தது.

மீதியைப் பெற்றவர்கள் போனில் எடுத்துக்கொண்டார்கள். முதல்வரம்மா திட்டவில்லை. "நாங்க வேற ஆளைப் பார்த்துக்கிறோம்மா" என்றார், அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மறுநாள் கடையில் இரண்டையும் கண்ணாடி மேசையில் வைத்து, முதல் தடவையாகத் தம்பியின் சரக்கைச் சுற்றிவிட்டாள். நிற்காமல் சுற்றின.

"வெயில்ல வச்சிருப்பேக்கா, அதான் உப்பியிருக்கு" என்றான் தம்பி, அவள் முகத்தைப் பார்க்காமல்.

அவள் வாய் திறப்பதற்குள் ஒருவர் வந்து அதே பேட்டரியைக் கேட்டார். முன்பின் தெரியாத ஆள். தம்பி கை மேசைக்குள் இருந்த வரிசைக்குப் போனது. "நல்லா பார்த்து வாங்கிக்குங்க சார். ஏதாவதுன்னா கொண்டு வாங்க, மாத்தித் தர்றேன்." அவர் அதைச் சுண்டினார். அரைச்சுற்றில் நின்றது. வாங்கிக்கொண்டு போனார்.

அவள் காலடிப் பெட்டியைப் பார்த்தாள்.

"அதுல என்னடா இருக்கு?"

"திரும்பி வந்த சரக்கு."

"புது ஸ்டிக்கர் ஒட்டி?"

"எல்லாமே மோசம் இல்லக்கா. சிலது நல்லாவே ஓடும். நான் என்ன பண்றது, கம்பெனிக்காரன் திருப்பி எடுக்க மாட்டேங்கிறான். யார் தலையிலயாவது கட்டித்தானே ஆகணும்? வெளியாளுக்குக் குடுத்தா கடை முன்னாடி வந்து கத்துவான், பேரு கெட்டுடும்."

"அதனால எனக்குக் குடுத்தே."

"நீ திருப்பிக் கொண்டு வரமாட்டேன்னு நினைச்சேன்" என்றான் தம்பி. சொன்ன பிறகுதான் அது அவன் காதிலும் விழுந்தது போலிருந்தது, முகம் சுண்டிவிட்டது.

தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று ஊரில் ஆயிரம் பேர் சொல்லக் கேட்டிருக்கிறாள். அதெல்லாம் அடுத்த வீட்டுக்காரர்களுக்குச் சொன்னது என்றே நினைத்திருந்தாள். கத்தவும் தோன்றவில்லை, அழவும் தோன்றவில்லை. வாயில் வேப்பங்காயை மென்றது போல ஒரு கசப்பு மட்டும் நின்றது.

"மேல இருக்கிறதுல ஒண்ணு குடு" என்றாள்.

அவசரமாக எடுத்துக் கொடுத்தான். "சார்ஜ் ஏத்தி வச்சதுதான்க்கா. காசெல்லாம் வேண்டாம்."

"பில் போடு."

பேட்டரியைச் சுண்டினாள், நின்றது. கனம் பார்த்தாள். கேமராவில் போட்டு மேசைமேல் வைத்து வீடியோவை ஓடவிட்டாள். எதிரே சுவர் இல்லை, தம்பிதான் இருந்தான்.

"என்னக்கா இது? ஆளுங்க வர்ற நேரம். உள்ள வந்து உட்காரு."

"இருக்கட்டும்ப்பா. வாங்க வந்தவங்க இங்கதான உட்காரணும்."

அவன் பிறந்ததிலிருந்து அவள் 'டா' என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள், ஒரு நாளும் 'ப்பா' போட்டதில்லை.

வாடிக்கையாளர் முக்காலியை இழுத்துப் போட்டு அதில் உட்கார்ந்தாள். ஆட்கள் வந்தார்கள், கேமராவைப் பார்த்தார்கள், வாங்கினார்கள், போனார்கள். தம்பி எந்தப் பக்கம் நகர்ந்தாலும் திரையில் விழுந்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. திரையின் ஓரத்தில் நாலு கோடு மூன்றாகும்வரை காத்திருந்தாள்.