எல்ஸ்பெட் அடுக்கிய ஈப்பெட்டி

மர அறுவை ஆலையை மூடியபோது எனக்கு நாற்பத்தொரு வயது. ஸ்பே ஆற்றங்கரையில் அந்த வயதில் இன்னொரு வேலை கிடைப்பது குதிரைக்கொம்பு. எப்படியோ ஒரு எஸ்டேட்டில் கில்லியாக, அதாவது மீன்பிடி வழிகாட்டியாகச் சேர்த்துக்கொண்டார்கள். மீன்பிடிக்க வரும் விருந்தாளிகளை ஆற்றுக்கு அழைத்துப்போய், எந்த இடத்தில் எந்த ஈயைக் கட்டி வீசினால் சால்மன் மீன் கடிக்கும் என்று சொல்ல வேண்டும். ஈ என்றால் பறக்கிற ஈ இல்லை. தூண்டில் முள்ளில் கம்பளி நூலும் சேவல் இறகும் சுற்றிச் செய்வது.

ஆற்றை எனக்குச் சிறு வயதிலிருந்தே தெரியும். ஆனால் ஒரு விஷயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆரஞ்சு, பச்சை, பழுப்பு மூன்றும் என் கண்ணுக்கு ஒன்றுதான். எனக்கு முன்னால் இருந்த கில்லி விட்டுப்போன பெட்டியில் நூறு ஈக்களாவது கலந்து கிடந்தன. எது எந்த நிறம் என்று யாரிடமாவது கேட்டால் குட்டு உடைந்துவிடும். கேட்காமலே மே மாதத்தில் வேலைக்குப் போனேன்.

முதல் விருந்தாளி வேல்ஸிலிருந்து வந்த பல் மருத்துவர், பிராசர் என்று பெயர். முந்தின நாள் மழை. ஆறு கலங்கி ஏறிக்கொண்டிருந்தது.

"தண்ணி இப்படி இருந்தா பெருசா ஒரு ஆரஞ்சு கட்டணும், இல்லையா லாக்லன்?"

"ஆமா சார்" என்று சொல்லி, பெரியதாக ஒன்றை எடுத்து நீட்டினேன். அவர் அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்து நாங்கள் நின்றிருந்த மீன்பிடிக் குடிசைக்குள் மதிய சாப்பாட்டுக் கூடையோடு நுழைந்தாள் எல்ஸ்பெட். எஸ்டேட் மாளிகையின் சமையல்காரி, என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். என் கையையும் அவர் முகத்தையும் ஒரு பார்வை பார்த்தாள். கூடையை வைத்துவிட்டு என் பெட்டிக்குள் விரலை விட்டு ஒன்றை எடுத்தாள்.

"ஏம்ப்பா, நீ ஆரஞ்ச எடுத்து வச்சுட்டு வேற எதையோ நீட்டுற? முதல் நாளே இவ்வளவு பதட்டமா! டாக்டர், இவன் பல்லைப் பிடுங்கிராதீங்க."

பிராசர் சிரித்துவிட்டார். அவள் எடுத்ததை வாங்கி அவர் தூண்டிலில் கட்டினேன்.

மதியம் அவர் சாப்பிட்டுக் கண்ணயர்ந்தபோது எல்ஸ்பெட் என்னை வெளியே கூப்பிட்டாள்.

"எங்கப்பாவும் இப்படித்தான். ராஸ்பெர்ரி பறிக்கப் போனா பாதி காயா கொண்டு வருவாரு. அம்மா திட்டித் தீத்துருவா. பெட்டிய இங்க குடு."

கொடுத்தேன். ஆற்றைப் பார்த்தபடி கல்லில் உட்கார்ந்து, ஒவ்வொரு ஈயாகப் பிடுங்கி வரிசை மாற்றிக் குத்தினாள். காய்கறிப் பட்டியல் எழுதும் பென்சிலால் ஒவ்வொரு வரிசைக்கும் ஓரத்தில் பொடி எழுத்தில் நிறத்தின் பெயரை எழுதினாள். முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும்.

"யார்கிட்டயும் சொல்லிராத, எல்ஸ்பெட்."

"நான் ஏன் சொல்லப்போறேன்? சொல்ல வேண்டியவன் நீ. சொல்ற நாள் வந்தா சொல்லு" என்று எழுந்து, பாவாடையைத் தட்டிவிட்டுப் போய்விட்டாள்.

மூன்றாம் நாள் ஆறு வடிந்து தெளிந்துவிட்டது. நிறத்தைப் பற்றிய பயம் போனதும் எனக்கு உண்மையிலேயே தெரிந்ததைச் செய்யத் துணிவு வந்தது. முழங்கால் ஆழத்தில் நின்று, சிறிய ஈக்களை ஒவ்வொன்றாக ஓடும் நீரில் பிடித்துப் பார்த்தேன். சிலவற்றின் இறகு நனைந்ததும் முள்ளோடு ஒட்டிக்கொண்டது. ஒன்றுக்கு மட்டும் நீளமான இறகு விரிந்து, மடங்கி, மறுபடி விரிந்தது. உயிருள்ளது மூச்சு விடுவதுபோல் இருந்தது. அதைக் கொடுத்தேன்.

"இந்தக் கலர் எதுக்கு?" என்றார் பிராசர்.

ஏனோ பொய் சொல்ல வரவில்லை. "கலர் என் கண்ணுக்குத் தெரியாது சார். பிறவியிலேயே அப்படி. நான் பாத்தது அசைவை மட்டும்தான்."

அவர் ஈயை வெளிச்சத்தில் திருப்பினார். "பாசிப் பச்சை. முதல் நாளே சந்தேகப்பட்டேன். முப்பது வருஷமா கட்டுற பல்லுக்குப் பக்கத்துப் பல்லோட நிறம் பாத்துச் சேத்துக்கிட்டிருக்கேன், லாக்லன். கலர நான் பாத்துக்கறேன். அது தண்ணிக்குள்ள எப்படி நடக்குதுன்னு நீங்க பாருங்க."

மடு முடிகிற இடத்தில், பத்தாவது வீச்சில் தூண்டில் கயிறு கனத்தது. கால் மணி நேரப் போராட்டம். பன்னிரண்டு பவுண்டு இருக்கும், வெள்ளி மாதிரி ஒரு பெண்மீன். பிடித்த மீனைத் திரும்ப ஆற்றில் விடுவது அங்கே வழக்கம். வலையில் வைத்தே முள்ளைக் கழற்றி, அதன் முகத்தை நீரோட்டத்துக்கு எதிராக வைத்துப் பிடித்திருந்தேன். வால் என் மணிக்கட்டை அடித்துவிட்டுப் போனது. பிராசர் தண்ணீரில் நின்றபடியே கைதட்டினார்.

அன்று சாயங்காலமே தலைமைக் கில்லி வாட்டியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"வேலைக்குச் சேரும்போது ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா வேலை குடுத்திருப்பீங்களா?"

அவர் புகைக்குழாயைச் சுரண்டிச் சாம்பலைத் தட்டினார். "குடுத்திருக்க மாட்டேன்" என்றார். "அது என் முட்டாள்தனம். காலைல எட்டு மணிக்கு வந்துரு."

இது எனக்குப் பதினோராவது மீன்பிடிப் பருவம். எல்ஸ்பெட் ஓய்வுபெற்று பக்கி என்ற துறைமுக ஊரில் தங்கையோடு இருக்கிறாள். போன மாதம் போய்ப் பார்த்தேன். இத்தனை வருஷமாக நன்றி என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை என்பது பேருந்தில் போகும்போதுதான் உறைத்தது. வாசலிலேயே சொல்லிவிட்டேன்.

"எதுக்குடா?" என்றாள். அவளுக்கு நிஜமாகவே நினைவில்லை. முழுக்கச் சொன்னேன். கேட்டுவிட்டுச் சிரித்தாள். "அட, அன்னைக்கு நல்ல வெயிலு. உள்ள போய்ப் பாத்திரம் கழுவ எனக்கு மனசில்ல, அவ்வளவுதான். வா, சூப்பு ஆறிடும்."

புகைபோட்ட மீன் சூப். இரண்டு கிண்ணம் குடித்தேன். மூன்றாவதையும் அவளே ஊற்றினாள்.