மூடிக் கிடந்த மூன்றாவது வாய்

லாரிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தவரின் கண்ணில் ஏதோ மின்னியது. காற்றுத் தொட்டியிலிருந்து பிரேக்குக்குப் போகும் குழாயின் நடுவே ஒரு பித்தளைத் துண்டு. அதற்கு மூன்று வாய். இரண்டில் குழாய், மூன்றாவதை ஒரு போல்ட் திருகி அடைத்திருந்தார்கள். சுற்றிலும் ஒன்பது வருட அழுக்கு. போல்ட்டில் மட்டும் ஸ்பேனர் பட்ட புதுக் கீறல்.

இது அவர் மாட்டியதல்ல. இந்த வண்டியைத் தொடும் இன்னொரு கை மச்சானுடையது. ஒரு வாரம் இவர், ஒரு வாரம் அவன். இன்று சாவி கைமாறும் நாள். மேலே இரும்புக் கம்பி ஏறிக்கொண்டிருந்தது. மத்தியானம் அவன் மலை இறங்கவேண்டும்.

‘உன் தம்பிக்கு இனி வண்டி கிடையாது’ என்று போன மாதம் மனைவியிடம் கத்தியிருந்தார். அவள் அழுது தடுத்துவிட்டாள். அது அவன் காதுக்குப் போகாமலா இருந்திருக்கும்? போன வாரம் இதை வைத்துக்கொண்டா நான் மலை இறங்கினேன்?

பக்கத்துப் பட்டறை மெக்கானிக் குனிந்து டார்ச் அடித்தார்.

“காத்து ஹாரனுக்கு எடுத்த லைனுண்ணே. பிரேக் குழாயில போய் கை வெச்சிருக்கான் பாருங்க, விஞ்ஞானி.”

“என் வண்டியில ஏதுய்யா ஹாரன்?”

“கழட்டிட்டு அடைச்சிருக்கான். ஒரு தடவ இல்ல. மரை தேஞ்சிருக்கு, பல தடவ கழட்டி மாட்டினதுதான்.”

அந்த நேரம் பார்த்து இரண்டு செருப்புகள் டயர் ஓரம் வந்து நின்றன.

“என்ன அத்தான், வண்டிக்கடியிலயே குடித்தனமா?”

“இந்த போல்ட் யாரு வேல மாப்ள?”



“என் வேலதான். என் வாரம் வந்தா ஹாரன் மாட்டுவேன். உங்களுக்குத்தான் அந்தச் சத்தமே ஆகாதே. அதான் மரியாதையா கழட்டிட்டுச் சாவி குடுப்பேன்.”

“மரியாதைக்கு பிரேக் லைனத் தொறப்பியா?”

“எட்டு மாசமா ஒழுகலையே அத்தான்.”

கதை பொருந்தித்தான் வந்தது. ஆனால் ஒழுகியதா என்று யார் கேட்டார்கள்? ஏன் முந்திக்கொள்கிறான்?

மெக்கானிக்கிடம் சோப்பு நுரை வாங்கி போல்ட்டைச் சுற்றி அப்பினார். “ஏறி ஸ்டார்ட் பண்ணு மாப்ள. காத்து ஏறட்டும்.”

“நீங்க வெளிய வாங்க. மெக்கானிக் பாக்கட்டும்.”

“நான்தான் பாக்கணும்.”

குமிழி கிளம்பினால் காற்று ஒழுகுகிறது என்று அர்த்தம், அவன் இனி இந்த வண்டியில் ஏற முடியாது. மனைவியிடம் அதை எப்படிச் சொல்வது என்று பிறகு யோசித்துக்கொள்ளலாம். படுத்தபடியே சாவியை நீட்டினார். விரல்கள் அதை வாங்கிக்கொண்டன. கதவு மூடிக்கொண்டது. இன்ஜின் உறுமியதும் தலைக்கு மேல் இரும்பு முழுக்க அதிர்ந்தது. பக்கத்திலிருந்த டயரை ஒரு முறை பார்த்துக்கொண்டார், அசையவில்லை.

போல்ட்டின் விளிம்பில், நுரைக்குள், கடுகளவு ஒரு குமிழி நடுங்கிக்கொண்டிருந்தது. அது வளர்கிறதா, வண்டியோடு சேர்ந்து ஆடுகிறதா? அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு முகத்தை இன்னும் அருகே கொண்டுபோனார்.