இடுப்பில் பை வைத்த அப்பா

என் வீட்டுக்காரருக்குக் கோவாலா என்றாலே இளக்காரம். அதைப் பார்த்துக்கொள்கிறவள் நான் என்பதால் இன்னும் ஒரு படி கூடுதல். இருவருக்கும் ஒரே உயிரியல் பூங்காவில்தான் வேலை. அவருக்குத் தவளை அறை, எனக்குக் கோவாலாக் கூண்டு.

"நாள் முழுக்க மரத்தைக் கட்டிக்கிட்டுத் தூங்குது. இலையைப் பறிச்சுத் தட்டுல வச்சா சாப்பாடுன்னே தெரியல. மண்டைக்குள்ள என்னதான் இருக்கு?" என்பார், சோபாவில் படுத்தபடி. சாப்பாடு தட்டில் இருந்தால் கோவாலாவுக்குத் தெரியாது. தட்டில் இருந்தால்தான் இவருக்குத் தெரியும். அடுப்பின் மேல் பாத்திரத்தில் இருப்பது இவர் கண்ணில் பட்டதே கிடையாது.

இவருடைய தவளையோ நகத்தளவுதான். ஆனால் ஆண் தவளைக்கு இடுப்பின் இரு பக்கமும் பை. முட்டை பொரிந்ததும் தலைப்பிரட்டைகள் நெளிந்து ஏறி அதற்குள் புகுந்துகொள்ளும். குட்டித் தவளையாகும் வரை சுமப்பது அப்பாதான்.

"கோவாலாவுல பொம்பளைக்குத்தான் பை. ஆம்பளை எட்டிக்கூடப் பாக்காது. என் தவளைதான் அப்பன்!" என்னும்போது இவர் குரல் தழுதழுக்கும். உள்ளே எங்கள் மகள் வீறிட்டுக்கொண்டிருப்பாள். இவர் காதில் விழாது.

அன்று தலைமைப் பராமரிப்பாளர் வேலைக்கு எனக்கு நேர்காணல். விட்டால் அந்த நாற்காலி எப்போது மறுபடி காலியாகுமோ. அன்றைக்கென்று பார்த்து, குழந்தைகள் காப்பகத்தில் காய்ச்சல் என்று கதவைச் சாத்திவிட்டார்கள். மகளை மார்போடு கட்டும் பையில் போட்டுக்கொண்டு தவளை அறைக்கு ஓடினேன். வாசலிலேயே மறித்தார்.

"தவளையைப் பாக்க ஆளுங்க வந்திருக்காங்க, நான் பேசணும். இன்டர்வியூ அடுத்த தடவை பாத்துக்கலாமே?"

என் பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போய், விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். தந்தைப் பாசமாம். தியாகமாம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூட்டத்தை விலக்கிப் போய், பையைக் கழற்றி, பிள்ளையோடு அவர் தோளில் மாட்டி, முதுகுப் பக்கக் கொக்கியை இறுக்கினேன். மகள் அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டாள். நிகழ்ச்சியில் இதுவும் சேர்த்தி என்று கூட்டம் கைதட்டியது. தட்டியவர்களைப் பார்த்து இவரும் தலைகுனிந்து வணங்கினார். மானங்கெட்ட மனுஷன்.

"அப்பா எத்தனை நாள் சார் சுமக்கும்?" என்று முன்னால் நின்ற அம்மாள் கேட்டார்.

"அம்மா வேலை வாங்கிட்டு வர்ற வரைக்கும்," என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

"ஏய், அழுதா என்ன பண்றது?" பின்னாலிருந்து இவர் குரல்.

மகளுக்கு ஏழு மாதம் முடிந்துவிட்டது. இந்தக் கேள்வியை இவர் கேட்பது இதுதான் முதல் தடவை.