அமலா வந்த நாட்கள்

செஞ்சிக் கோட்டைக்குப் போகிற ரோட்டில் இருக்கும் இசைக் கல்லூரியின் விதிமுறைப் புத்தகத்துக்கு நாற்பத்திரண்டு பக்கம். எழுபத்தைந்து சதவீத வருகை இல்லாதவர் தேர்வு எழுதக் கூடாது, பட்டயம் வாங்கக் கூடாது, தலைமுடியை விரித்துப் போடக் கூடாது என்று கூடாதுகளாலேயே நிரம்பிய புத்தகம். படிக்கிற பெண் செத்துப் போனால் என்ன செய்வது என்று மட்டும் அதில் ஒரு வரி கிடையாது.

அமலா செத்துப் போனாள். கடைசி செமஸ்டரில், செய்முறைத் தேர்வுக்கு நான்கு நாள் இருக்கும்போது, அனந்தபுரம் ரோட்டில் அவள் வந்த ஷேர் ஆட்டோ மேல் லாரி மோதிவிட்டது. மூன்று வருஷமாக வாய்ப்பாட்டு வகுப்பில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்த அன்புக்கரசி சாவு வீட்டுக்குப் போனாள், மயங்கி விழுகிற அளவுக்கு அழுதாள். பத்து நாள் ஆனதும் துக்கத்தோடு ஒரு பயமும் வந்து சேர்ந்துகொண்டது.

அந்தப் பயம் புரிய வேண்டுமானால் பீமாராவ் சார் வருகை எடுக்கிற விதத்தைச் சொல்ல வேண்டும். சாருக்கு ஒரு கண்ணில் பார்வை சுத்தமாக இல்லை, மறு கண்ணில் வெளிச்சம் மட்டும். உள்ளேன் ஐயா சமாசாரமெல்லாம் அவரிடம் செல்லாது. பெயரைக் கூப்பிடுவார், கூப்பிட்டவர் சுருதியோடு சேர்ந்து ஒரு ‘ஸா’ பாட வேண்டும். தலையை ஆட்டிவிட்டு, பதிவேட்டில் விரலால் வரிசையைத் தடவிப் பார்த்து டிக் போடுவார். வாயைத் திறந்தால் ஆள் யாரென்று தெரிந்துவிடும் என்று அவருக்கு அத்தனை கர்வம். கல்லூரியில் யாரும் அதைக் கேலி செய்ததில்லை, அது உண்மையும்கூட.

அன்புக்கரசி அந்தக் காதை ஏமாற்றினாள். ஒரு தடவை இரண்டு தடவை இல்லை, பத்தொன்பது தடவை.

அமலாவின் அம்மா ஜெயக்கொடிக்கு சிறுநீரகம் கெட்டு, வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். தனியாக அனுப்ப மனசு வராமல் அமலா கூடப் போய்க்கொண்டிருந்தாள். நோயாளிக்குத்தான் மருத்துவச் சான்றிதழ் செல்லும், நோயாளியின் மகளுக்கு இல்லை என்று பதினேழாம் பக்கம் சொல்லியது. லீவு பதினேழு நாள் ஆனதும் அமலா கணக்குப் போட்டுப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். “இன்னும் அஞ்சாறு நாள் போனா அவ்ளோதான்டி, எழுத விட மாட்டாங்க” என்றாள்.

“நீ போ, நான் பாத்துக்கறேன்” என்றாள் அன்புக்கரசி.

பதிவேட்டில் அமலாவுக்கு அடுத்த பெயர் அன்புக்கரசி. ஒரே தொண்டையிலிருந்து அடுத்தடுத்து இரண்டு ஸா வர வேண்டும். அமலாவின் ஸா கொஞ்சம் கீழே ஆரம்பித்து, உள்ளே வரலாமா என்று கேட்கிற மாதிரி மேலே ஏறி நிற்கும். அன்புக்கரசி அதை வீட்டில் பாத்திரம் துலக்கிக்கொண்டே பழகினாள். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி அமலாவாகப் பாடுவாள், திரும்பித் தன்னுடையதைப் பாடுவாள். கூட இருந்த பன்னிரண்டு பேரும் வாயே திறக்கவில்லை. அந்தப் பிள்ளைகளைத் திட்ட எனக்கு மனசில்லை.

விபத்து நடந்தது ஒரு புதன்கிழமை. அன்றைக்குத் தனக்காகப் பாடச் சொல்லி அமலா கேட்டிருக்கவில்லை. முதல் மணி அடித்தும் அமலா வரவில்லை. சார் பெயரைக் கூப்பிட்டார், அன்புக்கரசி பழக்க தோஷத்தில் சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டாள். அப்போது மணி ஒன்பதரை. அமலாவின் உயிர் ஒன்பது பத்துக்கே போயிருந்தது.

கல்லூரி ஒரு நல்ல காரியம் செய்யப் பார்த்தது. அமலாவின் பட்டயத்தை அவளுடைய அம்மா கையில் கொடுப்பது என்று நிர்வாகம் முடிவு செய்தது, வருகை சரியாக இருந்தால் போதும். வருகை எண்பத்தொரு சதவீதம் இருந்தது. அலுவலக எழுத்தர் துரைக்கண்ணு கோப்பை அடுக்கும்போது, சாவு நேரம் எழுதிய ஆஸ்பத்திரிக் காகிதத்தையும் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். செத்த பிறகு வகுப்புக்கு வந்திருக்கிறாள் என்று காகிதம் சொன்னது.

பழி பீமாராவ் சார் தலையில் விழுந்தது. கண் தெரியாத மனுஷன் கண்டபடி டிக் போட்டிருக்கிறார் என்றார்கள். “நான் கேட்டேன். அமலாவோட ஸாதான்” என்று அவர் சொல்லச் சொல்ல, எதிரே இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்களாம். இந்த மாதத்தோடு நின்றுகொள்ளச் சொல்லப்போகிறார்கள் என்ற பேச்சு வகுப்புக்கும் வந்தது.

சொன்னால் அமலாவின் பட்டயம் போகும், தன்னுடைய வருஷமும் போகும். சொல்லாவிட்டால் சாரின் காது பொய்யாகிவிடும். இரண்டு நாள் அன்புக்கரசி இதையே மாற்றி மாற்றிக் கணக்குப் போட்டாள். மூன்றாம் நாள் முதல்வர் அறைக்குப் போனாள். கதவைத் தள்ளினால் உள்ளே பிளாஸ்டிக் நாற்காலியில் ஜெயக்கொடி. கல்லூரியிலிருந்து வரச் சொல்லியிருந்தார்கள். கையில் டயாலிசிஸ் ஊசி போட்ட இடம் வீங்கியிருந்தது. திரும்பி ஓடிவிடலாமா என்று இருந்தது அன்புக்கரசிக்கு. சாரும் துரைக்கண்ணுவும் நின்றுகொண்டிருந்தார்கள்.

“அமலாவுக்கு நான்தான் பாடுனேன், மேடம். சார் மேல தப்பு இல்ல. பத்தொன்பது நாள்.”

முதல்வர் கமலாம்பாள் நம்பவில்லை. “சாரைக் காப்பாத்தறதுக்காக உளறாதே.”

அவரைவிடக் கோபம் சாருக்குத்தான். “பொய் சொல்றா. உன் ஸா எனக்குத் தெரியாதா? அது அமலா.”

“அப்போ பாடு, பாக்கலாம்” என்றார் கமலாம்பாள்.

அன்புக்கரசி ஜெயக்கொடியைப் பார்க்காமல் சுவர்ப் பக்கம் திரும்பினாள். கண்ணை மூடிப் பாடினாள். கீழே ஆரம்பித்து, தயங்கி, மேலே ஏறி நின்றது.

சார் பக்கத்து மேஜையைப் பிடித்துக்கொண்டார். ஜெயக்கொடி நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, “அமலூ” என்றாள். பிறகு அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு மெல்ல உட்கார்ந்தாள்.

“இன்னொரு வாட்டி பாடும்மா” என்றாள்.

அன்புக்கரசி வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

“செவ்வாயும் வெள்ளியும் காலேஜ் லீவுன்னு சொன்னாளே மேடம்” என்றாள் ஜெயக்கொடி. “தெரிஞ்சிருந்தா நான் கூட இட்டுக்கினு போயிருப்பனா?”

கமலாம்பாள் கெட்டவர் இல்லை. தண்ணீர் கொடுத்தார், தன் கண்ணையும் துடைத்துக்கொண்டார். ஆனால் டிக் போட்டவரே தன் கையால் அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம் வைக்க வேண்டும் என்பது விதி. நாற்பத்திரண்டு பக்கத்தில் அதற்கு இடம் இருந்தது. பதிவேடு வந்தது. அன்புக்கரசி தன் நோட்டில் குறித்து வைத்திருந்த தேதிகளைத் துரைக்கண்ணு வாசித்தார், கட்டத்தின் மேல் சாரின் விரலைக் கொண்டுபோய் வைத்தார். சார் சிவப்பு மையால் அடித்தார்.

“பிப்ரவரி பதினொண்ணு, செவ்வாய்.”

“அன்னிக்கு ஊசி எடுத்த எடத்துல ரத்தம் நிக்கல” என்றாள் ஜெயக்கொடி. அவளை யாரும் கேட்கவில்லை. “துணிய வச்சி அழுத்திக்கினே இருந்தா.”

“மார்ச் ஏழு, வெள்ளி.”

“பஸ்ல எனக்கு எடம் புடிச்சிக் குடுத்துட்டு, அவ நின்னுக்கினே வந்தா.”

ஒவ்வொரு தேதிக்கும் அவளிடம் ஒன்று இருந்தது. ஒரு நாள் இட்லி, ஒரு நாள் மழை, ஒரு நாள் சும்மா சிரித்தது. சாரின் ஒப்பம் கட்டத்தை விட்டு வெளியே போனது. துரைக்கண்ணு வாசிப்பதை நிறுத்தவில்லை, குரலை மட்டும் தாழ்த்திக்கொண்டார்.

“கடைசி. ஏப்ரல் பதினாறு, புதன்.”

ஜெயக்கொடி வீங்கிய கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

“அன்னிக்கு ஆஸ்பத்திரி இல்ல சார்” என்றாள். “அவ காலேஜுக்குத்தான் வந்துக்கினு இருந்தா.”

சாரின் பேனா நின்றது. துரைக்கண்ணு இருந்த பக்கம் முகத்தைத் திருப்பி, “இதையும் அடிக்கணுமா?” என்று கேட்டார்.

துரைக்கண்ணு முதல்வரைப் பார்த்தார். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

“அடிக்கணும் சார். வந்து சேரலியே.”

சார் அடித்தார்.