நீலக்கோடு திரும்பிய இடம்

1

இந்தக் கதை ஒரு டிவியிலிருந்து வந்தது. துறைமுகத்துப் பக்கம் பாய்மரப் படகுப் பயிற்சி முடிந்ததும், படகுகளில் மாட்டிய ஜிபிஎஸ் பதிந்த தடங்களை எல்லோரும் கூடி உட்கார்ந்து போட்டுப் பார்ப்பார்கள். படகுக்கு ஒரு நிறம். கடல் இல்லை, ஆள் இல்லை. கோடுகள் மட்டும் ஊரும். கோடு எங்கே திரும்பியது என்று தெரியும். ஏன் என்று தெரியாது. அந்த ‘ஏன்’ வழியாகத்தான் நான் உள்ளே நுழைந்தேன். நுழைந்திருக்கக் கூடாது.

2

முதலில் எழுதிய தொடக்கம்: ‘முயல் தீவுக்கு அப்பால், காற்று ஒரு முத்துக்குளிப்பவனைப் போல மூச்சடக்கி…’

வேண்டாம். அழகாக எழுதினால் உமாராணி தப்பித்துவிடுவாள்.

நேராகவே சொல்கிறேன். மாநில அணியில் இருந்தது ஒரே இடம். அதற்கு உமாராணியும் சுடலைக்கண்ணும் போட்டி. போன வாரம் அவன் படகு கவிழ்ந்தது. கயிற்றில் கை சிக்கி அவன் மிதந்ததை அவள் பார்த்தாள். பார்த்துவிட்டுப் படகைத் திருப்பிக்கொண்டு போனாள். மீட்புப் படகு வருவதற்குள் அவன் தோள் போய்விட்டது. இடம் அவளுக்கு.

(அவளுக்கு ஒரு நோயாளி அம்மாவைக் கொடுத்து மன்னிக்கப் பார்த்தேன். அந்த வரியை அடித்துவிட்டேன்.)

3

டிவியில் போன வாரத் தடம். அவனுடைய சிவப்புக்கோடு நிற்கிறது. அவளுடைய நீலக்கோடு அதை நோக்கியே வந்து, பக்கத்தில் சட்டென்று ஒடிகிறது.

கோச் வன்னியபெருமாள் படத்தை நிறுத்தினார். “எல்லாரும் இங்கன பாருங்க. காத்து மாறப் போவுதுன்னு இவளுக்கு முந்தியே தெரிஞ்சிருக்கு. திருப்புனா இப்படித் திருப்பணும்.”

“நான் அங்கன உப்புத்தண்ணி குடிச்சிட்டுக் கெடக்கேன், இவ காத்துப் பாத்திருக்கா சார்!” என்றான் சுடலைக்கண்ணு, கட்டுப்போட்ட கையைக் காட்டி. எல்லோரும் சிரித்தார்கள். “சும்மா சொன்னேம்லே. அந்த அலையில என் தலை அவளுக்கு எங்க தெரியப் போவுது?”

கரைக்குக் கொண்டுவந்த நிமிடத்திலிருந்து அவன் இதையேதான் சொல்கிறான்.

4

ஒரு முடிவு: அவள் எழுந்து உண்மையைச் சொல்கிறாள். எழுதிப் பார்த்தேன். சொன்னவுடன் அவள் பெரிய மனுஷி ஆகிவிட்டாள். அவன் தோள் அப்படியேதான் இருந்தது.

இன்னொன்று: “காத்து வார பக்கம் தண்ணி கறுத்து வந்துச்சு சார், அதப் பாத்துத் திருப்புனேன்” என்கிறாள். எல்லோரும் தலையாட்டிக் கற்றுக்கொள்கிறார்கள். இதற்கு மேல் எழுத…

5

சுடலைக்கண்ணு அவள் பக்கம் சாய்கிறான். கேலி இல்லை, நிஜமாகவே கேட்கிறான். “ஏளா, எப்பிடிக் கண்டுபிடிச்ச? எனக்கும் சொல்லு. தோளு சரியானா ஒதவும்லா.”

தோள் சரியாகாது. அதை அவனுக்குச் சொல்கிற பத்தியை நான் எழுதவில்லை, எழுதப் போவதும் இல்லை.

உமாராணி வாயைத் திறக்கிறாள். அவள் பதிலை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். சரியாக வருமோ என்று பயப்பட வேண்டாம். நீங்கள் எதைப் போட்டாலும் அவன் நம்பிவிடுவான்.