செல்வத்துக்கு அம்மை

வீரபாண்டியன் வீட்டு ஹாலில் டிவி இருக்கவேண்டிய இடத்தில் கடல் இருந்தது. மூன்றரை அடிக் கண்ணாடித் தொட்டி, உள்ளே கொஞ்சம் பவளம், இரண்டு இறால், மூன்று மீன். காரைக்குடிக்காரன் கடலைப் பார்க்கவேண்டுமானால் தொண்டி வரைக்கும் போகவேண்டும். போய்வரச் சோம்பல்பட்டுக்கொண்டு கடலையே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டான் என்று தெருவில் பேச்சு. பேசுகிறவர்களுக்கு என்ன, வாய் வலிக்கவா போகிறது? தொண்டி பஸ்ஸில் ஆறு கேனோடு ஏறி, "உள்ள என்னண்ணே?" என்று கேட்ட கண்டக்டரிடம் "கடல்தண்ணி" என்று உண்மையைச் சொல்லி, அந்த ஆள் நம்பாமல் மூடியைத் திறந்து ஒரு விரல் நக்கிப் பார்த்து, அதற்கப்புறம் காரைக்குடி வரும்வரை இவனை ஒரு மாதிரியாகவே பார்த்துக்கொண்டு வந்த கதையெல்லாம் அவனுக்கல்லவா தெரியும்.

வீரபாண்டியன் அரசுப் பள்ளியில் லேப் அசிஸ்டென்ட். தண்ணீரில் உப்பு எவ்வளவு, காரம் எவ்வளவு என்று நிறத்தைப் பார்த்துச் சொல்வதில் கெட்டிக்காரன். ஆனால் தொட்டிக்கு உண்மையான சொந்தக்காரி அவன் மகள் சினேகா. போன வருஷம் அவள் இன்ஜினியரிங் படிக்கக் கோயம்புத்தூர் போனபோது அப்பாவின் பொறுப்பில் விட்டுப்போனது இந்தத் தொட்டியையும் செல்வத்தையும். செல்வம் ஒரு கோமாளி மீன். ஆரஞ்சு உடம்பு, வெள்ளைப் பட்டை. ஒன்பதாம் வகுப்பில் அவளைக் கடைசி பெஞ்சுக்கு விரட்டிய கணக்கு வாத்தியார் பேரை வைத்திருந்தாள். இரண்டு பேருக்கும் அதே உர்ரென்ற மூஞ்சி.

கிளம்புகிற அன்று தொட்டிக்குப் பக்கத்துச் சுவரில் மார்க்கரால் எழுதினாள்: 'புது மீன் வந்தால் 30 நாள் தனித் தொட்டி.' புதிதாக வாங்கும் மீன் என்ன நோயைக் கூட்டிக்கொண்டு வருமோ தெரியாது. தனியாக இருந்தால் அதோடு போகும், உள்ளே விட்டால் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போகும். எழுதியதோடு விடவில்லை, அடியில் அப்பனிடம் கையெழுத்தும் வாங்கினாள். அவனும் சம்பளப் பட்டியலில் போடுவதுபோல் இனிஷியலோடு முழுக் கையெழுத்துப் போட்டான். போட்டபோது பெருமையாகக்கூட இருந்தது.

இந்த ஆனி இருபத்தைந்தாம் தேதி மதுரையில் ஒரு மஞ்சள் மீனை வாங்கினான். தட்டை உடம்பு, தலை முதல் வால் வரை ஒரே மஞ்சள். மோட்டார் ரூமில் ஒரு டப்பில் தனியாக விட்டான். அதுவரை எல்லாம் சரி. அதற்குத் தனி பம்பு, தனி ஃபேன், வேளா வேளைக்குக் கடல்பாசி. அவன் மனைவி காளீஸ்வரி இரண்டு நாள் இந்தக் கூத்தைப் பார்த்தாள். "எங்க அப்பன் வீட்டுல உங்களுக்கு இம்புட்டு உபசாரம் நடக்கல. இதுக்கு மாப்பிள்ளைன்டே பேரு வைங்க" என்றாள். அந்தப் பேரே நின்றுவிட்டது.

ஆறாம் நாள் காளீஸ்வரியின் தம்பி மாயக்கண்ணன் வந்தான். பிள்ளையார்பட்டியில் தேங்காய் பழத் தட்டு விற்கிறவன். நல்ல நாள், கெட்ட நாள் எல்லாம் அவன் நாக்கு நுனியில் இருக்கும்.

"மச்சான், இது எப்ப வீட்டுக்குள்ள போகுது?"

"முப்பது நாள் ஆகணும்டா."

"நாளைக்கு ஆடி பொறக்குது. ஆடியில புது உசிரு வீட்டுப்படி தாண்டலாமா? மோட்டார் ரூமு வீட்டுக்கணக்குல வராது, தெரியும்ல? இன்னைக்கே உள்ள விட்டாத்தான் உண்டு. சாயங்காலம் நாலு மணிக்கு மேல நல்லா இருக்கு."

வீரபாண்டியன் இதையெல்லாம் நம்புகிறவன் இல்லை. அதை அவனே பல தடவை சொல்லியிருக்கிறான். சயின்ஸ் லேப்பில் இருபது வருஷம் கழித்தவன், நம்புவானா? ஆனால் மாப்பிள்ளையின் மேல் ஒரு புள்ளி கிடையாது, துறுதுறுவென்று தின்கிறது, ஆறு நாளும் ஆகிவிட்டது. இன்னும் எத்தனை நாள் மோட்டார் ரூமில் குத்தவைத்து ரசிப்பது? நம்பாவிட்டாலும் எதற்கு வம்பு என்று நாலு மணிக்கு மேல் உள்ளே விட்டான். காளீஸ்வரி தையல் மிஷினில் இருந்ததால் கவனிக்கவில்லை. சுவரில் இருந்த கையெழுத்தை அவன் கவனிக்கவில்லை.

ஆடி ஆறாம் தேதி காலையில் மாப்பிள்ளை பாறையில் போய் உடம்பைத் தேய்த்தது. மறுபடியும் தேய்த்தது. வீரபாண்டியன் மூக்கைக் கண்ணாடியில் ஒட்டவைத்துப் பார்த்தான். உடம்பெல்லாம் தூள் உப்பைத் தூவினாற்போல் வெள்ளை வெள்ளையாய்ப் புள்ளி. மறுநாள் செல்வத்தின் செதிலிலும் நாலு புள்ளி.

அன்று சாயங்காலம் சினேகா வீடியோவில் வந்தாள்.

"அப்பா, செல்வத்தைக் காட்டுங்க."

"கரண்டு இல்ல பாப்பா. தொட்டி ஒரே இருட்டு."

"உங்க தலைக்கு மேல ஃபேன் சுத்துது?"

வீரபாண்டியன் மேலே பார்த்தான். சுத்தத்தான் செய்தது. "அது இன்வெர்ட்டர்ல ஓடுது" என்றான். அந்த வீட்டில் இன்வெர்ட்டர் கிடையாது. அது அவளுக்கும் தெரியும். ஏதோ கேட்க வந்தவள், "பதினெட்டாம் பெருக்குக்கு வாரேன்ப்பா" என்று வைத்துவிட்டாள்.

இதையெல்லாம் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த காளீஸ்வரி நேரே தொட்டிக்கு வந்தாள். குனிந்து பார்த்தாள்.

"அடி ஆத்தீ! அம்மை போட்டிருக்கு!"

"அம்மை இல்லத்தா. அது ஒட்டுண்ணி. கண்ணுக்குத் தெரியாத பூச்சி."

"முத்து முத்தாப் போட்டிருக்கு, கண்ணுக்குத் தெரியாதாம்ல."

பத்து நிமிஷத்தில் வாசல் கேட்டில் ஒரு கொத்து வேப்பிலை, தொட்டியின் நாலு மூலையிலும் வேப்பிலை. அப்புறம் ஒரு செம்பு மஞ்சள் தண்ணீரோடு வந்தாள். வீரபாண்டியன் கபடியில் கோட்டைக் காக்கிறவன் போல் இரண்டு கையையும் விரித்துத் தொட்டிக்கு முன்னால் நின்றான். "என்னைக் கொன்னுட்டு ஊத்து" என்றான். அவள் அந்தத் தண்ணீரை அவன் காலடியில் ஊற்றிவிட்டு, செம்பைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"மாப்பிள்ளையை எத்தனை நாள் வெளிய வச்சிருந்தீக?"

"முப்பது..."

"ஆனி இருவத்தஞ்சுல வாங்குனீக. இன்னைக்கு ஆடி ஏழு. அதுக்குள்ள முப்பது நாளு எங்குட்டு வந்துச்சு?"

அவன் மாயக்கண்ணன் பேரைச் சொன்னான், ஆடியைச் சொன்னான், நாலு மணியைச் சொன்னான். காளீஸ்வரி இடுப்பில் கைவைத்துக் கேட்டுக்கொண்டாள்.

"ஆடி பொறந்தா மாப்பிள்ளையைப் பிரிச்சு வைப்பாக. ஊரு உலகத்துல ஆடியைச் சாக்கு வச்சு சேத்து வச்ச ஒரே ஆளு நீங்கதான்."

"பாப்பாட்ட சொல்லிராத காளி."

"நான் ஏன் சொல்றேன்? நீங்க சொல்லுவீக."

அவனுக்குச் செல்வத்துக்காகப் பயந்ததைவிட இதற்குத்தான் அதிகம் பயம் வந்தது. செல்வம் பிழைத்துக்கொண்டால் சொல்லாமலே தப்பித்துவிடலாம். செத்துப்போனால் என்ன சொல்வது? யோசித்துக்கொண்டே வேலையில் இறங்கினான்.

மருந்து செம்புச் சத்துள்ள சொட்டு மருந்து. பெரிய தொட்டியில் ஊற்றினால் பவளமும் இறாலும் பரலோகம். மீன்களைப் பிடித்து வேறு டப்பில் போட்டு, அதில்தான் அளந்து விடவேண்டும். பெரிய தொட்டியில் எழுபத்தாறு நாள் ஒரு மீன்கூட இருக்கக்கூடாது. ஒட்ட உடம்பு கிடைக்காமல் பூச்சி பட்டினியில் சாகும். சொல்ல எளிது. நாலு மீனைப் பிடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போயிற்று. பாறையெல்லாம் வெளியே, தண்ணீரெல்லாம் ஹாலில், வீரபாண்டியன் ஒருதரம் வழுக்கி விழுந்து பின்பக்கம் வீங்கியதுதான் மிச்சம்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்குத் தட்டில் மோரும் கஞ்சியும் வந்தது. அம்மை கண்ட வீட்டில் தாளிக்கக்கூடாதாம், கவிச்சி கூடாதாம். "மீனுக்கு அம்மைன்னா மீன் கொழம்பு கூடாதா?" என்று கேட்டான். காளீஸ்வரி பார்த்த பார்வையில் இன்னொரு கரண்டிக் கஞ்சியைத் தானே ஊற்றிக்கொண்டான்.

மறுநாள் டப்பில் செல்வத்தைத் தள்ளிப்பார்த்த அதே வலையோடு பெரிய தொட்டிப் பக்கம் போனான், ஒரு பாறைத்துண்டை எடுக்க. புறங்கையில் சுளீரென்று ஒரு அடி விழுந்தது.

"அம்மைப் பிள்ளை பொழங்குனதைக் கொண்டாந்து இங்குட்டு விடுறீக? துண்டு தனி, தட்டு தனி, செம்பு தனி. இதுகூடத் தெரியாதா?"

ஈர வலையில் ஒரு பூச்சி ஒட்டிக்கொண்டு போனால் போதும், எழுபத்தாறு நாள் முதலிலிருந்து. அவள் சொன்னதுதான் சரி. அம்மன் பேரைச் சொல்லி அவள் செய்கிறதைத்தானே நாம் லேப்பில் இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்கு வாய் கிழியச் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று தோன்றியது. எரிச்சலாகத்தான் இருந்தது. அவள் டப்புக்கான வலை, வாளி, துணி மூன்றிலும் மஞ்சள் துணியைக் கிழித்துக் கட்டினாள். அதற்கப்புறம் அவள் கண்ணில் படாமல் ஒரு சொட்டுத் தண்ணீர் அங்கிருந்து இங்கே வரவில்லை. பார்க்க வந்த மாயக்கண்ணனைக் கேட்டிலேயே நிறுத்தினாள். "எந்த வாய் ஆடியைப் பத்திப் பேசுச்சோ, அந்த வாய் ஆடி முடியிற மட்டும் வெளியவே நிக்கட்டும்."

மாப்பிள்ளை மருந்து விட்ட மூன்றாம் நாள் செத்துப்போனது. வீரபாண்டியன் அதை முருங்கை மரத்தடியில் புதைத்தான். புதைத்துவிட்டு அழுதான். நாற்பத்தெட்டு வயசில், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஆறு நாள் பொறுத்தவன் இன்னும் இருபத்துநாலு நாள் பொறுத்திருக்கலாமே என்று அழுதான். சும்மா சொல்லக்கூடாது, காளீஸ்வரியே வந்து அவன் கை கழுவத் தண்ணீர் ஊற்றினாள்.

செல்வம் தின்பதை நிறுத்தியது. புள்ளி குறைந்திருந்தது, ஆனால் டப்பின் மூலையில் ஒருக்களித்துக் கிடந்தது. பதினெட்டாம் பெருக்குக்கு முந்தின நாள் வீரபாண்டியன் நாலு பொய்களைத் தயார் செய்தான். கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்பது ஒன்று. தொண்டித் தண்ணீரே சரியில்லை என்பது ஒன்று. மற்ற இரண்டையும் சொல்ல அவனுக்கே வெட்கமாக இருந்தது.

ஆடி பதினெட்டு காலையில் சினேகா பையோடு வந்து கேட்டில் நின்றாள். வேப்பிலையைப் பார்த்தாள். உள்ளேயிருந்து காளீஸ்வரி, "அப்படியே நில்லு. கால் கழுவாம வராத" என்று கத்தினாள்.

"யாருக்கும்மா? அப்பாவுக்கா?"

பை தெருவிலேயே விழுந்தது. "அதான் அன்னைக்குக் கரண்டு இல்ல, இருட்டுன்னு மழுப்புனாரா? நீங்களும் சொல்லலையே!" என்று அழ ஆரம்பித்துவிட்டாள். வீரபாண்டியன் கொல்லையிலிருந்து ஓடிவந்தான். முகத்தில் புள்ளியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. மகள் தனக்காகக் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்ததும் நாலு பொய்யில் ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை.

"எனக்கு ஒண்ணும் இல்ல பாப்பா. செல்வத்துக்கு."

"என்னது?"

"செல்வத்துக்கு அம்மை. நான்தான். ஆறே நாள்ல உள்ள விட்டேன். ஆடி வருதுன்னு விட்டேன். கையெழுத்துப் போட்டுட்டு விட்டேன். இன்வெர்ட்டரும் பொய்."

சினேகா கண்ணைத் துடைத்தாள். சிரிப்பாள் என்று ஒரு நொடி நம்பினான். அவள் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. கால் கழுவிக்கொண்டு உள்ளே போய் டப்புக்கு முன்னால் உட்கார்ந்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்கும் எழுந்து வரவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

சாயங்காலம் காளீஸ்வரி, கவிச்சித் தடையைச் செல்வத்துக்கு மட்டும் தளர்த்தி, மஞ்சள் துணி கட்டிய கிண்ணத்தில் பொடியாக நறுக்கிய கடை இறாலோடு வந்தாள். இரண்டு விரலில் ஒரு துணுக்கைப் பிடித்துத் தண்ணீருக்குள் விட்டு அசையாமல் இருந்தாள். பிள்ளைக்குச் சோறூட்டும்போது அவளுக்கு இருந்த அதே பொறுமை. வெகுநேரம் கழித்து, செல்வம் நிமிர்ந்தது. உர்ரென்ற மூஞ்சியோடு வந்து, துணுக்கைப் பிடுங்கிக்கொண்டு மூலைக்குப் போனது.

"தின்னுருச்சு!" என்று வீரபாண்டியன் கத்தினான்.

"கத்தாதீக. அம்மைப் பிள்ளை" என்றாள் காளீஸ்வரி. "புரட்டாசியில மூணு தண்ணி ஊத்தி உள்ள விடுவோம். அதுக்கு முன்னாடி எவன் நல்ல நேரம் பார்த்துக் குடுத்தாலும் கிடையாது."

சினேகா எழுந்து மார்க்கரை எடுத்தாள். மூடியைக் கழற்றி அப்பன் கையில் கொடுத்தாள். காலையிலிருந்து அவனிடம் அவள் கொடுத்தது அது ஒன்றுதான். சுவரில் அவன் கையெழுத்துக்குக் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள், நிதானமாக, நேராக.

"அம்மா, இங்க போடுங்க."

"எனக்கு எதுக்குடி?" என்றாள் காளீஸ்வரி. ஆனாலும் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து, ஒவ்வொரு எழுத்தாக, கொம்பும் சுழியும் பிசகாமல் காளீஸ்வரி என்று எழுதினாள்.

"நான் என்ன செய்ய பாப்பா?" என்று கேட்டான் வீரபாண்டியன்.

"நீங்க தண்ணி கொண்டாங்கப்பா" என்றாள் மகள். "தொண்டிக்குக் காலையில ஆறு மணிக்கு பஸ் இருக்கு."

வீரபாண்டியன் மூடியை அவளிடம் கொடுத்துவிட்டு, காலிக் கேன்களைக் கழுவப் போனான்.