ஏழாவது நாற்காலி

நாற்காலியின் பின்கால் முறிந்த சத்தம் கேட்டபோது, அவள் வாசலில் நின்று அடுத்த சாட்சியைக் கூப்பிட வாயெடுத்திருந்தாள். திரும்பிப் பார்த்தால், எடைக்கல்லைத் தேய்த்துவிட்டதாகப் பிடித்து வரப்பட்டிருந்த மாவுக்கடைக்காரர் தரையில் உட்கார்ந்திருந்தார். பருத்த மனிதர். நீதிபதிதான் முதலில் எழுந்து, "அடி பட்டுச்சா?" என்று கேட்டார். மாவுக்கடைக்காரர் இடுப்பைத் தடவிக்கொண்டு, "தீர்ப்பு இவ்ளோ சீக்கிரம் வரும்னு நெனைக்கலீங்க" என்றார். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அதற்குள் அவள் மூலையிலிருந்த உபரி நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு, அவரைக் கைகொடுத்துத் தூக்கி உட்கார வைத்தாள்.

அவளை எல்லாரும் நாற்காலியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். நீதிமன்றத்தில் டவாலி வேலை. பேர் சொல்லி அழைப்பதும், தண்ணீர் வைப்பதும், காலையில் நாற்காலிகளைத் துடைத்துப் போடுவதும் அவள் பொறுப்பு. அந்தக் கட்டடம் ஒரு காலத்தில் உப்புக் கிடங்காக இருந்தது. எத்தனை முறை சுண்ணாம்பு அடித்தாலும் சுவரிலிருந்து உப்பு கசிந்துகொண்டே இருக்கும். ராத்திரியோடு ராத்திரியாக நாற்காலிக் கால்களில் வெள்ளையாகப் பூத்துவிடும். ஈரத்துணியால் ஒருமுறை, காய்ந்த துணியால் ஒருமுறை என்று ஒவ்வொரு காலாகத் துடைக்கும்போது அவள் தனக்குள் சொல்லிக்கொள்வாள்: கடவுளே, இன்னைக்கு இதுல உக்கார்றவங்க பொய் சொல்லாம இருக்கணும், உக்கார வெக்கிறவங்க தப்பு செய்யாம இருக்கணும். வேறெதையும் அவள் கேட்டதில்லை.

நாட்டுக்கு வயது மூன்று. பழைய ஆட்சிக்காரர்கள் போகும்போது வண்டியில் ஏற்ற முடிந்த மேசை நாற்காலிகளை ஏற்றிக்கொண்டு, முடியாததைக் கொளுத்திவிட்டுப் போனார்கள். கரி வாடை போவதற்குள் புது நாட்டின் விதிகளை மைதானத்தில் ஒலிபெருக்கி வைத்து வாசித்தார்கள். மொத்தம் முப்பது விதிகள். மற்றவை அவளுக்கு மறந்துவிட்டன. ஒன்பதாவது மட்டும் ஓர் எழுத்து மாறாமல் நினைவிருந்தது. 'யாரையும் நிற்க வைத்துக் கேள்வி கேட்கக் கூடாது. கேட்கப்படுகிறவருக்கு, இன்னொருவரை எழுப்பிவிடாமல், சாய்ந்து உட்கார ஒரு நாற்காலி தர வேண்டும். அது இல்லாதபோது கேட்கிறவர்களும் நிற்க வேண்டும்.' விதி எழுதியாயிற்று, உட்கார நாற்காலி இல்லை. அதனால் வீட்டுக்கு வீடு போய்க் கேட்டார்கள். நீதிபதியின் நாற்காலி முடிதிருத்தகத்திலிருந்து வந்தது. வழக்கறிஞர்களின் இரண்டும் ஒரு தம்பதிக்குக் கல்யாணப் பரிசாக வந்தவை. சாட்சியின் நாற்காலி ஒரு மருத்துவச்சியுடையது. எழுத்தருடையதும், இன்று கால் முறிந்ததும் பள்ளிக்கூடத்து நாற்காலிகள். ஏழாவதாக மூலையில் கிடக்கும் உபரி நாற்காலி அவள் கொடுத்தது. அது அவள் மகனுடையது.

மகன் அச்சகத்தில் எழுத்துக் கோத்தவன். இடது கைப்பிடியில் மை படிந்த விரல் அடையாளம் இன்னும் இருக்கிறது. முதுகுச் சட்டம் ஒன்று உடைந்தபோது, அச்சகத்து மர அளவுகோலைக் கொண்டுவந்து அந்த இடத்தில் அறைந்தான். அதனால் அந்த நாற்காலியின் முதுகில் ஒன்றிலிருந்து முப்பது வரை எண்கள் இருக்கும். "சாஞ்சு உக்காந்தா நம்ம முதுகு எவ்வளவு நீளம்னு தெரிஞ்சுடும்மா" என்பான். பழைய ஆட்சியில் ஒரு துண்டறிக்கை அச்சடித்ததற்காக அவனைக் கொண்டுபோனார்கள். ஓர் அடிகூட அடிக்கவில்லை. இரண்டு பகல், இரண்டு இரவு நிற்க வைத்தார்கள், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்தபோது கால்கள் தூண் மாதிரி வீங்கியிருந்தன. நான்காம் நாள் அந்த நாற்காலியில் சாய்ந்தபடியே போய்விட்டான். இருபத்துமூன்று வயது.

ஒன்பதாவது விதியைக் கேட்டபோது அவள் மைதானத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எழுதியவர்களுக்கு அவள் மகனைத் தெரியாது. ஆனாலும் அது அவனுக்காக எழுதியது என்றே அவளுக்குப் பட்டது. பெரிய நாடுகளெல்லாம் செய்யாததை, நேற்றுப் பிறந்த இந்த நாடு செய்யும் என்று அன்றைக்கு நம்பினாள். தன் குழந்தை நல்லவனாக வளர்வான் என்று தாய் நம்புவாளே, அப்படி. அதற்குச் சாட்சியம் எதுவும் தேவைப்படாது.

மாவுக்கடைக்காரருக்கு அபராதம் விதித்து அனுப்பியபின், எழுத்தர் மறுநாள் பட்டியலை எடுத்தார். முன்பு திரையரங்கில் சீட்டுக் கிழித்தவர். எதையும் உரக்கச் சொல்லித்தான் பழக்கம். அன்று குரல் தாழ்ந்தது. "நாளைக்குக் கடிகாரக்காரர் வழக்கும்மா."

பழைய காவல்கூடத்தின் மேலாளரை ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். நிற்க வைக்கப்பட்டவர்கள் முன்னால் மணிக்கு ஒருமுறை வந்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து மணி சொல்லிவிட்டுப் போவாராம். இத்தனை நாள் எங்கோ ஒளிந்திருந்து இப்போது பிடிபட்டிருந்தார்.

"நீங்க வேணா நாளைக்கு லீவு போட்டுக்கங்க" என்றார் எழுத்தர்.

"அந்தாளால பாதிக்கப்பட்டவங்கெல்லாம் லீவு போட்டா, இந்த ஊர்ல கோர்ட்டையே இழுத்துச் சாத்தணும் தம்பி."

சொல்லிவிட்டாளே தவிர, அவள் கண் கால் முறிந்து கவிழ்ந்து கிடந்த நாற்காலிமேல் இருந்தது. ஒட்டிக் காய இரண்டு நாளாகும். மிச்சமிருப்பது ஒன்றுதான். எல்லாரும் போனபின் உபரி நாற்காலியைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினாள். தையல்கடை வாசலில் இருந்தவர், "என்னம்மா, நாற்காலியோட கெளம்பிட்டீங்க, ஆட்சி மாறிடுச்சா?" என்று கேட்டார். அவள் நடையை எட்டிப் போட்டாள்.

வீட்டில் மகள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நாற்காலியையும் அம்மா முகத்தையும் மாறிமாறிப் பார்த்தாள். விஷயம் தெரிந்ததும், "நல்லவேளை, எடுத்துட்டு வந்தே" என்றாள். "அந்தாளு முதுகு அதுல படக் கூடாது." மூன்று வருடம் முன்பு அது இருந்த சன்னலோர இடத்திலேயே இருவரும் அதைப் போட்டார்கள். யாரும் அதில் உட்காரவில்லை.

மறுநாள் காலை அவள் ஐந்து நாற்காலிகளைத் துடைத்தாள். கை பழக்கத்தில் ஓடியது. வாயில் வேண்டுதல் வரவில்லை. மூலையைத் துடைக்கப் போனபோது, நாற்காலி இருந்த இடத்தில் நான்கு கால்களின் அடையாளங்களும் உப்பு வளையங்களாகப் பூத்திருந்தன. அவற்றை மட்டும் துடைக்காமல் விட்டுவிட்டாள்.

பத்து மணிக்குக் கடிகாரக்காரரைக் கூட்டி வந்தார்கள். அவள் நினைத்து வைத்திருந்த ஆள் வேறு. இவர் மெலிந்து, சட்டை தோளிலிருந்து தொங்க, காது மந்தமான கிழவராக இருந்தார். கூடவே வந்த மனைவி சுவரோரப் பலகையின் நுனியில், யாரும் எழுப்பிவிடுவார்களோ என்பதுபோல் உட்கார்ந்தாள்.

நீதிபதி முன்பு கணக்கு வாத்தியார். எண்ணிப் பார்க்காமல் எதையும் தொடங்க மாட்டார். நாற்காலிகளை ஒருமுறை எண்ணினார். "ஒண்ணு குறையுதே."

"நேத்து முறிஞ்சதுங்க ஐயா."

"உபரி?"

"இல்லைங்க ஐயா" என்றாள். நீதிமன்றத்தில் அவள் சொன்ன முதல் பொய் அது. நீதிபதியின் பார்வை மூலைக்குப் போயிற்று. நான்கு வெள்ளை வளையங்களில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அவளிடம் வந்தது. "சரிம்மா" என்றார்.

எழுத்தர் எழுந்தார். "பக்கத்துல யார் வீட்லயாவது ஓடிப்போய் ஒண்ணு வாங்கிட்டு வந்துடறேன் ஐயா."

"நாற்காலி போடறது யார் வேலை?"

"நாற்காலியம்மா வேலைங்க."

"அப்ப அவங்க போடுவாங்க. சாட்சி ரெண்டு நாள் பயணம் செஞ்சு வந்திருக்கார், ஒத்திப் போட முடியாது. அது வரைக்கும் எல்லாரும் எழுந்திருங்க."

நாற்காலிகள் பின்னால் தள்ளப்படும் சத்தம் கிடங்கெங்கும் கேட்டது. வழக்கறிஞர்கள் எழுந்தார்கள். எழுத்தர் குனிந்து நின்றபடி எழுத ஆயத்தமானார். பலகையில் இருந்தவர்களும் ஒவ்வொருவராக எழுந்தார்கள். நீதிபதிக்கு வலது முழங்கால் மடங்காது. மேசையை இரு கையாலும் பற்றிக்கொண்டு நின்றார். கடிகாரக்காரர் நடப்பது புரியாமல் சுற்றிப் பார்த்துவிட்டு, "நான் நின்னுக்கறேன் ஐயா. நீங்கள்லாம் உக்காருங்க. எனக்காக எதுக்கு" என்றார்.

"உங்களுக்காக இல்லீங்க" என்றார் நீதிபதி. "இது எங்களுக்காக."

சாட்சி ஊன்றுகோலுடன் வந்தார். அவள் மகனோடு அச்சகத்தில் இருந்தவர், இயந்திரம் ஓட்டியவர். அவருக்கான நாற்காலி பக்கத்திலேயே இருந்தும், எல்லாரும் நிற்பதைப் பார்த்து அவரும் உட்காரவில்லை. அரைமணி நேரம் கேள்விகள் நடந்தன. எந்தச் சுவர், எத்தனை பேர், தண்ணீர் கொடுத்தார்களா. அவர் ஊன்றுகோல் மெல்ல நடுங்க ஆரம்பித்தது. அவள் வாசலில் நின்று அந்த நடுக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு நிற்க வைக்கப்பட்டவரை இன்றைக்கு நிற்க வைத்திருப்பது யார் என்று அவளுக்குள் ஒரு கேள்வி வந்தது. அதற்குத் தீர்ப்பு சொல்ல நீதிபதி தேவைப்படவில்லை.

"ரெண்டாவது ராத்திரி என் காலு போயிடுச்சுங்க" என்று சாட்சி சொல்லிக்கொண்டிருந்தார். "விழுந்தா திரும்ப மொதல்லேர்ந்து நிக்கணும். பக்கத்துல எங்க பையன் நின்னான். எழுத்துக் கோக்கற பையன். 'எம்மேல சாஞ்சுக்கங்க அண்ணே'ன்னான். 'அவர் மணி பாக்க வர்றப்ப மட்டும் நேரா நின்னா போதும்'னான். விடியற வரைக்கும் அவன் மேலதாங்க சாஞ்சிருந்தேன்."

இது அவளுக்குத் தெரியாது. நான்கு நாள் வீட்டில் இருந்தானே, சொல்லவில்லையே. கால் வலிக்குதாடா என்று கேட்டதற்கு, "கொஞ்சம்" என்று மட்டும் சொன்னான். சாட்சி, குற்றம் சாட்டப்பட்டவர் பக்கம் திரும்பாமல், நீதிபதி பக்கமும் திரும்பாமல் வாசலைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். கடிகாரக்காரர் தலை குனிந்திருந்தது. காது கேட்டதோ இல்லையோ, அவர் கை மட்டும் வெறும் மணிக்கட்டைப் பற்றியிருந்தது.

அவள் தெருவில் இறங்கி நடந்தாள். பிறகு ஓடினாள்.

மகள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். அம்மா மூச்சிரைக்க வந்து நிற்பதைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. எழுந்திருக்கவில்லை.

"குடுக்க மாட்டேன்."

"அங்க எல்லாரும் நிக்கிறாங்கடி."

"நிக்கட்டும். அண்ணன் நின்னான்ல."

"அதான்டி" என்றாள். "உங்கண்ணன் ஒருத்தரை விடியற வரைக்கும் தன்மேல சாய விட்டிருக்கான். அவனால நிக்கவே முடியாதப்ப. இப்பத்தான் கேட்டேன்."

மகள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். ஊசியைக் குத்தி வைக்க நேரம் எடுத்துக்கொண்டாள். பிறகு எழுந்தாள். "உங்க புது நாட்டை என்னால புரிஞ்சுக்கவே முடியல" என்றாள். "மூணு வயசு ஆகுது. இன்னும் நம்ம இடுப்புலயே உக்காந்திருக்கு."

"குழந்தைய நாமதான தூக்கணும்."

"தூக்கு தூக்கு" என்றாள் மகள். ஆனால் அம்மா நாற்காலியைத் தூக்கும்போது மறுபக்கக் கைப்பிடியை அவளும் பிடித்தாள். கிடங்கு வாசல் வரை இருவரும் சுமந்து வந்தார்கள். மகள் உள்ளே வரவில்லை. "நான் பாக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டாள்.

நீதிபதியின் நெற்றி வியர்த்திருந்தது. அவள் நாற்காலியைக் கடிகாரக்காரர் பக்கத்தில் போட்டாள். துணியை எடுத்து ஒவ்வொரு காலாகத் துடைத்தாள். உப்பு இல்லாத கால்கள். இருந்தாலும் நான்கையும் துடைத்தாள். காலையில் வராத வேண்டுதல் பாதி வந்து, பாதியில் நின்றது. பிறகு நிமிர்ந்து, அவர் முகத்தைப் பார்க்காமல், தினமும் சொல்கிற சொல்லையே சொன்னாள்.

"உக்காருங்க."

அவர் அவளை யாரென்று அறிந்ததாகத் தெரியவில்லை. நுனியில் உட்கார்ந்தார். முதுகு சாயவில்லை. அளவுகோலின் எண்கள் எல்லாமே தெரிந்தன. அப்புறம்தான் நீதிபதி மேசையை விட்டுக் கையெடுத்து மெல்ல உட்கார்ந்தார். சாட்சி உட்கார்ந்து ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டார். பலகைகள் முனகின. எழுத்தர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "இடைவேளை முடிஞ்சுது" என்று முணுமுணுத்தது முன்வரிசைக்கு மட்டும் கேட்டது. "நீங்க சொல்லிட்டிருந்ததை மேல சொல்லுங்க" என்றார் நீதிபதி.

அவள் வழக்கம்போல வாசல் நிலைக்குப் போனாள். டவாலிக்கு நாற்காலி கிடையாது. அவளை யாரும் கேள்வி கேட்பதில்லை என்பதால் விதியில் இடமில்லை. அவளும் கேட்டதில்லை. மூன்று வருடமாக நின்று பழகிய கால்கள் இன்றைக்கு ஓடி வந்ததாலோ என்னவோ முதல்முறையாக நடுங்கின. நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

நிமிர்ந்தபோது, கடிகாரக்காரரின் மனைவி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நாற்காலி யாருடையது என்று யாராவது காதில் சொல்லியிருக்கலாம். சொல்லாமலும் இருக்கலாம். அந்த மனைவி தன் சேலையை ஒதுக்கிக்கொண்டு, பலகையில் சுவர்ப்பக்கமாக நகர்ந்தாள். காலியான இடத்தை உள்ளங்கையால் ஒருமுறை துடைத்துவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

சாட்சியின் குரல் தொடர்ந்துகொண்டிருந்தது. மேல் சன்னலிலிருந்து இறங்கிய வெயில் அந்த ஒரு முழப் பலகையில் விழ, துடைத்தபின்னும் மிச்சமிருந்த உப்புப் பொடி அதில் மினுங்கிக்கொண்டிருந்தது.